பிட்டுப் படத்திலிருந்து எழுதப்பட்ட பெண்–பெண் நாவல்: ‘முனகினாள்’ என்பதற்குத் தமிழில் என்ன?

மெய்ப்புக்காரி, பள்ளத்தூர்:

இருபது வருஷம் காரைக்குடி அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) மலர் எதிலும் என்னைத் தாண்டி ஓர் ஒற்றுப் பிழை தப்பியது கிடையாது. அச்சு வேலை குறைந்த பிறகு மொழிபெயர்ப்புக்கு வந்தேன். மிக்ஸி கையேடு, சர்க்கரை நோய்த் துண்டறிக்கை, இரண்டு தன்னம்பிக்கைப் புத்தகம். போன மாதம் ஒரு மின்னூல் பதிப்பகம் ஆங்கில நாவல் ஒன்றை அனுப்பியது. பனி கொட்டும் மலையில் ஒரு விடுதி, உள்ளே இரண்டு பெண்கள், மூன்று நாள். அவ்வளவுதான் கதை. முதலில் வயது வந்தவர்களுக்கான படமாக வந்ததாம், அப்புறம் அதை நாவலாக எழுதியிருக்கிறார்கள். 212 பக்கம், சொல்லுக்கு ஒரு ரூபாய். சரி என்று சொல்லிவிட்டேன்.

கூச்சம் எல்லாம் முதல் அத்தியாயத்தோடு போய்விட்டது. 47 வயதில் என்ன கூச்சம். இப்போது தொல்லை கொடுப்பது தமிழ்தான்.

‘முனகினாள்’ என்று எழுதும்படி 43 இடங்களில் வருகிறது. எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம், கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது. முகப்பில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வளவில், அதாவது நடு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், படுத்திருந்த அப்பத்தா (86 வயது, கண் மங்கல், காது மட்டும் பாம்புக் காது) குரல் கொடுத்தது: “யாருக்குத்தா காய்ச்சல்? கஞ்சி வச்சுக் குடு.”

அப்பத்தாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் முனகுகிறவர் ஒன்று நோயாளி, இல்லையென்றால் எதிர்த்துப் பேசத் தைரியமில்லாத மருமகள். ‘உதட்டைக் கடித்தாள்’ என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அது ஆசை. இங்கே அது கோபம், அல்லது அழுகையை அடக்குவது.

உடம்பைச் சொல்ல என்னிடம் மூன்று அலமாரிதான் இருக்கிறது. ஆஸ்பத்திரி, குழாயடி, கோயில். ‘மார்பகம்’ என்று எழுதினால் அடுத்த வரியில் பரிசோதனை முகாமின் தேதி வரவேண்டும் போலிருக்கிறது. குழாயடிச் சொற்களைத் திட்டத்தான் முடியும், கொஞ்ச முடியாது. ‘கொங்கை’ என்றால் உரையாசிரியரைக் கூப்பிட வேண்டும். மிச்சம் இருப்பது ‘முலை’. ஆண்டாள் கூசாமல் பாடிய சொல். கண்ணகி அதைத் திருகி எறிந்துதான் மதுரையை எரித்தாள். 2002இல் குட்டி ரேவதி அதையே கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பாக வைத்தபோது எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தச் சொல் போதும். பதிப்பகத்தார்தான் “கொஞ்சம் டீசன்ட்டா இருக்கட்டும் மேடம்” என்கிறார்கள். இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு டீசன்ட் கேட்கிறார்கள்!

இன்னொன்று. இரண்டு பேரும் ‘அவள்’. யார் கை யார் தோளில் என்று எனக்கே பிடிபடவில்லை.

கடைசியாக, அந்த மலை விடுதியைச் செட்டிநாட்டு வீடாக மாற்றிவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னார்கள். “உங்க ஊர்ல ஷூட்டிங் எல்லாம் நடக்குதே, வாசகர்களுக்கு நெருக்கமா இருக்கும்.” கானாடுகாத்தான் பக்கம் வாரம் ஒரு படப்பிடிப்பு வண்டி நிற்பது உண்மைதான். அதற்காக?

இந்த மாதிரி வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கருப்பட்டி:

பதினைந்து வருஷமாக மொழிபெயர்க்கிறேன். காதல் நாவல்கள் நிறைய, இந்த வகையில் இரண்டு. ‘அவள்’ குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே தமிழுக்கு ஆங்கிலத்தைவிட வசதி அதிகம்.

ஒன்று, ‘தன்’. ‘அவள் தன் கையை எடுத்தாள்’ என்றால் சொந்தக் கை. ‘அவள் கையை எடுத்தாள்’ என்றால் மற்றவள் கையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இந்த வித்தியாசத்துக்கு ஒவ்வொரு முறையும் பெயரைச் சொல்லித் தொலைக்க வேண்டும். இரண்டு, ‘இவள்’. யார் மனசுக்குள்ளிருந்து அந்த அத்தியாயம் நகர்கிறதோ அவளை ‘இவள்’ ஆக்குங்கள், எதிரே இருப்பவள் ‘அவள்’. பத்துப் பக்கத்தில் வாசகருக்குப் பழகிவிடும். இவள் பக்கம் நாம் நிற்கிறோம் என்பதும் சொல்லாமலே வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஆங்கிலத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ‘யூ’ என்ற ஒரே சொல். தமிழில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் ‘நீங்க’ என்றுதான் தொடங்குவார்கள். எந்தப் பக்கத்தில் ‘நீ’ ஆகிறது? மூலத்தில் அது இருக்காது. தமிழில் அதுதான் முதல் தொடுகை. அந்தப் பக்கத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடம்புச் சொற்களைப் பற்றி: குறைவாக வையுங்கள். டீசன்ட்டுக்காகச் சொல்லவில்லை. தமிழில் அந்தச் சொல் ஒரு முறை வந்தால் பக்கம் முழுக்கக் கேட்கும், நான்கு முறை வந்தால் செத்துப்போகும்.

பழைய ஆபரேட்டர்:

தேவகோட்டைப் பக்கம் ஒரு டாக்கீஸில் 1983இலிருந்து 16 வருஷம் புரொஜக்டர் ஓட்டியவன். தலைப்பில் பிட்டுப் படம் என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

பிட்டு என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா? சென்சார் ஆன படம் பெட்டியில் வரும். கூடவே தனியாக, துணிப்பையில் சுருட்டி ஒரு 200 அடி பிலிம் வரும். 1000 அடி ரீல் சுமாராக 11 நிமிஷம் ஓடும். அப்படியானால் 200 அடி ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. காலைக் காட்சிக்கு மட்டும் நடுவில் ரீலை வெட்டி, பிலிம் ஒட்டும் சிமென்ட் வைத்து இதை ஒட்ட வேண்டும். காட்சி முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அந்தத் துண்டில் இருக்கிறவர்களுக்கும் படத்தில் இருக்கிறவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. மலையாளப் படம் ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று வெள்ளைக்காரி வருவாள், போவாள். மறுபடி இங்கே மழை பெய்யும். ஜனங்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்கு அந்த ஒட்டு வேலை பிடிக்காது, முதலாளி சொன்னால் செய்யத்தானே வேண்டும். ஒரு தடவை துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். அதற்கும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

படத்திலிருந்து புத்தகம் வருவது நமக்குப் புதுசில்லை அம்மா. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். ரெண்டு பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் இருக்கும், சரியான இடத்தில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஆள் கதையை விட்டுவிட்டு அந்த மீதியை மட்டும் 212 பக்கத்துக்கு எழுதியிருக்கிறான் போலிருக்கிறது.

எங்கள் ஐயா, ஏவி.எம். ஸ்டுடியோ தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த காலத்தில் அங்கே விளக்குத் தூக்கிய ஆள். எந்தப் படம் பார்த்தாலும் “லைட்டு எங்கே நிக்குது பாரு”ம்பார். உங்கள் புத்தகத்திலும் பாருங்கள், கேமரா எங்கே நிற்கிறது என்று தெரியும்.

கொட்டான்:

சொந்த ஊர் தேவகோட்டைக்குப் பக்கம், இப்போது கோயம்புத்தூரில் வேலை. பெண்ணை விரும்பும் பெண். இந்த நாவலை வாங்கிப் படிக்கப் போகிற ஆள் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

ஆபரேட்டர் ஐயா கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நானும் என் தோழியும் முதல்முதலாக இந்த மாதிரிப் படம் ஒன்றைப் போனில் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். படத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பித் திருப்பி நம்மையே பார்க்கிறார்கள். நமக்காக இல்லை, நம் இடத்தில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஓர் ஆளுக்காக. அதிலிருந்து புத்தகம் எழுதினால் அந்த ஆளும் கூடவே புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பார். முனகல் எல்லாம் அவருக்குக் கேட்பதற்குத்தான். அவரை வெளியே அனுப்பிவிட்டால் உங்கள் 43 பாதியாகக் குறையும்.

முடிவு எப்படி என்று நீங்கள் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். அமெரிக்காவில் 1952இல் மேரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற பெயரில் இரண்டு கல்லூரிப் பெண்களைப் பற்றி ‘ஸ்பிரிங் ஃபயர்’ எழுதியபோது, சந்தோஷமாக முடிக்கக் கூடாது, தபால் துறையினர் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று பதிப்பாசிரியர் சொல்லிவிட்டார். அதனால் ஒருத்திக்குப் பைத்தியம் பிடித்தது. அதே வருஷம் பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மோர்கன் என்று பெயரை மறைத்து, இரண்டு பேரையும் சேர்த்து வைத்து ஒரு நாவலை முடித்தார். படித்த பெண்கள் கட்டுக்கட்டாகக் கடிதம் போட்டார்களாம். எனக்கு அந்தக் கடிதம் போட்டவர்களைத் தெரிந்த மாதிரி இருக்கிறது.

சொற்களைப் பற்றி. 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் மதுரைப் பெண்கள் இருவரின் வழக்கு வந்து, அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசே எங்களைப் போன்றவர்களைக் குறிக்கச் சொல்பட்டியல் வெளியிட்டது. நல்லது, படிவத்துக்கும் பேப்பருக்கும் வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு யாரும் யாரையும் அந்தச் சொற்களால் கூப்பிடுவதில்லை. எங்களுக்குள் ‘ஏன்டி’, ‘வாடி’, ‘சாப்டியாடி’தான். உலகத்தில் எல்லாத் தோழிகளும் பேசுகிற அதே பேச்சு. பஸ் ஸ்டாண்டில் கை கோத்துக்கொண்டு நின்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சௌகரியமும் அதுதான், தலைவலியும் அதுதான்.

செட்டிநாட்டு வீடு வேண்டாம். எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் வளவைச் சுற்றிப் பத்து அறை, புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒன்று. பெட்டி, பாத்திரம், சீர் சாமான் நடுவில் கல்யாணமான ஜோடி படுப்பதற்கே இடம் தேட வேண்டும். அந்தக் கதவின் சாவி என் முழங்கையளவு. திருப்பினால் சத்தம் இரண்டாம் கட்டுவரை கேட்கும். வாசல்காலில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போய்த் தாழ்ப்பாளை இழுத்தால், வெளியே பட்டாலைத் திண்ணையில் யாராவது ஒருவர் “யாரு அது” என்பார். அங்கே இரண்டு பெண்களுக்குக் கதை வைத்தால் பூட்டுக்கு எண்ணெய் போடுவதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அது வேறு கதை. அதை நான் எழுதிக்கொள்கிறேன், நீங்கள் பனிமலையைப் பனிமலையாகவே விடுங்கள்.

ரஸ்தா வக்கீல்:

இலக்கியம் பேசுகிறவர்கள் பேசுங்கள், நான் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போகிறேன்.

மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் வாங்கியிருக்கிறார்கள்? 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமை உரிமையாளருடையது. இங்கே படம் ஒருவருடையது, அதிலிருந்து எழுதிய நாவல் இன்னொருவருடையது. நாவலாசிரியர் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதுமா, படக் கம்பெனி ஒப்புதலும் வேண்டுமா என்பது அவர்களுக்குள் இருக்கிற ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நகல் கேளுங்கள். தராவிட்டால் வேலையை நிறுத்துங்கள்.

இரண்டாவது, மின்னூல் என்பதால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஆபாசப் பிரிவுகள் 67, 67ஏ. முதல் முறைக்கே முன்னதில் மூன்று வருஷம், பின்னதில் ஐந்து வருஷம் வரை போகும். அச்சுப் புத்தகம் என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 292, இப்போது அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில் 294. இலக்கியத்துக்கு விலக்கு உண்டு. 1964இல் ஒரு நாவலை விற்ற பம்பாய்ப் புத்தகக் கடைக்காரரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் அதே நீதிமன்றம் பழைய அளவுகோலைக் கைவிட்டு, இன்றைய சமூகத்தின் பார்வையில் படைப்பை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றது. முழுசாகப் பார்த்தால் என்ன இருக்கிறது என்பது முக்கியம். ஆபரேட்டர் சொல்கிறபடி வெறும் மீதி மட்டும் இருந்தால் கஷ்டம். இரண்டு பெண்கள் என்பதால் தனியாகக் குற்றம் எதுவும் கிடையாது, ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு விஷயத்தில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி வந்த தீர்ப்போடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் அட்டையில் வருமா, புனைபெயரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெய்ப்புக்காரி, பள்ளத்தூர்:

எல்லோருக்கும் நன்றி. வக்கீல் சார், நகல் கேட்டு எழுதிவிட்டேன், வந்துவிட்டது. இரண்டு கையெழுத்தும் இருக்கிறது. பெயர் என் பெயர்தான் போடச் சொன்னேன். கும்பாபிஷேக மலரில் இருபது வருஷம் என் பெயர் வந்ததே இல்லை, இதிலாவது வரட்டும்.

ஆபரேட்டர் அண்ணே, கேமரா நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். 61ஆம் பக்கம். ‘வாசலிலிருந்து பார்க்கையில் இருவரும் ஓவியம்போல் இருந்தார்கள்.’ விடுதியில் இருப்பதே இரண்டு பேர், வெளியே நாலு அடிப் பனி. வாசலில் யார் நின்று பார்த்தது? அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும் தென்பட்டார் அந்த ஆள். ஜன்னல் பக்கம், கட்டிலுக்கு மேலே, ஒரு இடத்தில் கண்ணாடிக்குள். கொட்டான், நீங்கள் சொன்னபடி ஆளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறேன். பதிப்பகத்திடம் சொல்லிவிட்டுத்தான். வீட்டையே மாற்றச் சொன்னவர்கள், வாசலில் நிற்கிற ஆளை எடுத்தால் கோபிக்கவா போகிறார்கள். முனகல் இப்போது ஒன்பது.

முடிவு சந்தோஷம்தான். மூன்றாம் நாள் பனி விலகுகிறது, சாலை திறக்கிறது, இரண்டு பேரும் போகவில்லை.

கருப்பட்டி சொன்ன ‘நீங்க–நீ’ தான் என்னை நான்கு நாள் உட்கார வைத்தது. முதலில் 40ஆம் பக்கத்தில் மாற்றினேன், முதல் முத்தம் அங்கேதான். படித்துப் பார்த்தால் அவசரமாக இருந்தது. முத்தத்துக்கு அப்புறமும் ‘நீங்க’ என்றே விட்டுப் பார்த்தேன். ஐயோ, அது எவ்வளவு நன்றாக இருக்கிறது! இவ்வளவுக்குப் பிறகும் மரியாதை போகவில்லை. கடைசியில் 118ஆம் பக்கத்தில், ஒன்றுமே நடக்காத ஒரு இடத்தில் மாற்றினேன். மூலத்தை நேராகத் தமிழாக்கினால் இப்படி வரும்:

‘அவள் உதட்டைக் கடித்து முனகினாள். அவளுடைய கை அவளது தோளில் இறங்கியது.’

இப்போது இருப்பது:

‘இவள் பேச்சை நிறுத்திவிட்டாள். தோளில் அவள் கை கிடந்தது. எடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள், சொன்னால் எடுத்துவிடுவாளோ என்றும் இருந்தது. “உனக்குக் குளிரலையா?” என்று கேட்டாள்.’

கருப்பட்டி:

நன்றாக இருக்கிறது. ஆனால் இது மொழிபெயர்ப்பு இல்லை அம்மா, நீங்கள் எழுதியது. தோளில் கை கிடப்பதும் பயமும் மூலத்தில் எங்கே இருக்கிறது? நாளைக்கு யாராவது வரிக்கு வரி ஒப்பிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கொட்டான்:

ஒப்பிடுகிறவர் ஒப்பிடட்டும். 118ஆம் பக்கத்துக்காக நான் முழு விலை கொடுப்பேன். ஆனால் ‘டி’ ஒரு இடத்திலாவது வேண்டும்.

மெய்ப்புக்காரி, பள்ளத்தூர்:

கருப்பட்டி, நீங்கள் சொல்வது நியாயம்தான். படத்தில் அந்த நடிகையின் முகத்தில் ஏதோ இருந்திருக்கும், நாவல் எழுதியவர் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். இதைப் பதிப்பகத்திடம் இன்னும் சொல்லவில்லை, முன்குறிப்பில் சொல்லலாம் என்றிருக்கிறேன். கொட்டான், வெள்ளைக்காரப் பெண்களுக்கு ‘டி’ போட்டால் டப்பிங் படம்போல் ஆகிவிடுமோ என்று பயம். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

நேற்று 118ஐ வாய்விட்டுப் படித்தேன். அப்பத்தா காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, தூங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் வளவிலிருந்து: “ஏத்தா, அந்த ரெண்டு பொண்ணுகளும் சாப்புட்டாகளா?”

சிரித்துவிட்டு, கோப்பில் தேடிப் பார்த்தேன். மூன்று நாள், 212 பக்கம், மொத்தமாக ஒரே ஒரு ஸ்ட்ராபெர்ரி. அதையும் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டில் வைத்துவிடுகிறாள்.